ராணுவக் கட்டடமும் என் நலங்கு மஞ்சளும்

பூட்டிய கதவைப் பார்த்தால் நல்ல குடும்பத்துப் பெண்கள் திரும்பி வந்துவிடுவார்கள். எனக்கோ, ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றும். இது பிறவிக் கோளாறு. இதற்காக அம்மா ஏறாத கோயில் இல்லை. (ஒரு கோயிலில் அவர் கண்மூடி வேண்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் பின்பக்கத்துத் தேர்க்கொட்டகைக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டேன். அன்றோடு வேண்டுதலை நிறுத்திவிட்டார்.)

என் பெயர் தேவிகா. மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், உலு திராமில் ஓர் இடைநிலைப் பள்ளியில் ஆசிரியை. என்ன பாடம் என்று இப்போது சொல்லமாட்டேன். சொன்னால் இந்தக் கதையில் எனக்கு மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும். உரிய இடத்தில் நானே சொல்கிறேன்.

என் கோளாறுக்குத் துணை ரூபிணி, பெரியம்மா மகள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிட வேண்டும், கூப்பிட்டதில்லை. ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையானால் நாங்கள் இருவரும் கைவிடப்பட்ட கட்டடங்களைத் தேடிக் கிளம்பிவிடுவோம். மூடிய சினிமாக் கொட்டகை, பாதியில் நின்றுபோன ஹோட்டல், கூரையில் மரம் முளைத்த எஸ்டேட் ஆஸ்பத்திரி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அவள் கேமரா பிடிப்பாள். நான் கைவிளக்கை முகத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசுவேன். அதை யூடியூபில் போடுவோம். பார்த்தவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். மீதிப் பேர் என் மாணவர்கள். டீச்சர் எப்போது வழுக்கி விழுவார் என்று பார்க்க வந்தவர்கள்.

நாங்கள் உள்ளே போகாத இடம் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. உலு திராமிலிருந்து கோத்தா திங்கிக்குப் போகும் வழியில், செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக்கு நடுவே, ராணுவத்தின் பழைய ஆராய்ச்சிக் கட்டடம். ராணுவம் காலி செய்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஊரில் அதைப் பற்றி ஆளுக்கொரு கதை. விஷவாயு தயாரித்தார்கள் என்பார் ஒருவர். கொசுக்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள் என்பார் இன்னொருவர். எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) ரொட்டி விற்க வருபவர், அங்கே ஒரு குரங்கை மனிதனாக மாற்றிவிட்டார்கள், அது இப்போது ஸ்கூடாயில் கார் விற்கிறது என்று சத்தியம் செய்வார். இரண்டு முறை போய், வேலியையும் ஜாகாவையும் (காவலாளியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) பார்த்துவிட்டு நாங்கள் திரும்பி வந்திருந்தோம்.

இந்த நேரத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சரவணன் ஸ்கூடாய்க்காரர். சிங்கப்பூரில் வேலை. தினமும் விடியுமுன் பாலத்தைக் கடந்து போய், இருட்டிய பிறகு அதே பாலத்தில் நெரிசலில் நின்று திரும்புகிறவர். பொறுமைக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்பதால் எனக்குப் பொருத்தமானவர் என்று எல்லாரும் சொன்னார்கள்.

அவருடைய அம்மாவிடம்தான் எனக்குப் பயம். அத்தை அதிகம் பேசமாட்டார், பார்ப்பார். அதற்குக் காரணம் இருந்தது. மூத்த மகனுக்குப் பேசி முடித்த பெண், கல்யாணத்துக்கு முதல் நாள் மதியம் வீட்டில் இல்லை. வேறொருவரோடு போய்விட்டிருந்தாள். யாருக்கும் தகவல் சொல்ல நேரமில்லை. மறுநாள் அத்தை மண்டப வாசலில் நின்று, வந்த ஒவ்வொருவரிடமும் கைகூப்பி, கல்யாணம் நின்றுபோச்சு, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொன்னாராம். சரவணன் இதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு என்னால் ஒரு தலைகுனிவும் வரக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். (முடிவு செய்வதில் நான் எப்போதுமே கெட்டிக்காரி.)

கல்யாணம் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு. சனிக்கிழமை காலை வீட்டில் நலங்கு. எங்கள் வீட்டு முறைப்படி, காலையில் பூசும் மஞ்சள் மாலைவரை உடம்பில் ஊற வேண்டும். ஐந்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் சீர்த்தட்டோடு வந்து, அவர்களும் ஒருமுறை நலங்கு வைத்த பிறகுதான் குளியல். அதுவரை பெண் வாசற்படி தாண்டக் கூடாது, காத்து கருப்பு அண்டிவிடும். இதை அம்மா மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை ரூபிணியைப் பார்த்துச் சொன்னார்.

பூசியவர்களிலேயே ரூபிணிதான் தாராளம். நல்லெண்ணெயில் குழைத்த மஞ்சளை இரண்டு கையாலும் அள்ளி, முகம், கழுத்து, கை, கால் என்று சுவருக்குப் பூச்சு வேலை செய்வதுபோல் அப்பினாள். பிறகு கழுவியும் அவள் உள்ளங்கையில் மஞ்சள் போகவில்லை. காதுக்குப் பின்னால் பூசுகிற சாக்கில் குனிந்து, "அந்தக் கட்டடத்த திங்கட்கிழமை இடிக்கிறாங்களாம்" என்றாள்.

பல் பிடுங்க வந்த ஒரு லாரி டிரைவர் சொன்னாராம். இயந்திரங்கள் ஞாயிறு இரவே வந்து இறங்குகின்றன. திங்கட்கிழமை நான் புதுப்பெண்ணாக ஸ்கூடாயில் யாருடைய வீட்டிலோ விருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு நெஞ்சு அடைத்தது. கல்யாண நாள் குறித்தபோதுகூட அப்படி அடைக்கவில்லை.

தலைவலி என்று அம்மாவிடம் சொன்னேன். ஏர்கான் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கப் போகிறேன், நாலரை வரை யாரும் எழுப்ப வேண்டாம் என்றேன். வீடு நிறைய ஆட்கள், அம்மா சரியென்று போய்விட்டார். மஞ்சள் மறையும்படி முழுக்கைச் சட்டை, டிராக் பேண்ட், தொப்பி, முகக்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு பின்கட்டு வழியாக இறங்கினேன். அங்கே சமையல்காரர்கள் வெங்காயம் உரித்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. ரூபிணியின் மைவி கார் தெருமுனையில் தயாராக நின்றது.

கட்டடத்தின் வேலியில் அந்தச் சிவப்புப் பலகை இருந்தது. மலேசியாவில் வளர்ந்த எல்லாருக்கும் அதைத் தெரியும். ஒரு சிப்பாய் துப்பாக்கியை நீட்டுகிறார், எதிரே ஒருவன் கையைத் தூக்கி நிற்கிறான். தடை செய்யப்பட்ட இடம் என்று நான்கு மொழிகளில் எழுதியிருந்தது, தமிழும் உண்டு. பின்னால் யாரும் எனக்குப் புரியவில்லை என்று சொல்லிவிடக் கூடாது அல்லவா. ஜாகாவின் மோட்டார் சைக்கிளைக் காணோம், சாப்பாடு வாங்கப் போயிருக்க வேண்டும். பின்வேலியில் காட்டுப்பன்றிகள் பறித்த ஒரு பள்ளம் இருந்தது. பன்றி போகிற வழியில் போவது ஒன்றும் எங்களுக்குப் புதிதில்லை.

உள்ளே நீளமான ஒரு நடை, இரண்டு பக்கமும் அறைகள். சுவரில் பாசி, தரையில் இலைச் சருகு. காற்றே இல்லை. இரண்டு நிமிடத்தில் வியர்த்துக் கொட்டியது, முழுக்கைச் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். ரூபிணி கேமராவை ஆன் செய்தாள். நான் கைவிளக்கை முகத்துக்குக் கீழே வைத்து, மனித குலம் மறக்க நினைக்கும் ஓர் உண்மை இந்தச் சுவர்களுக்குள் புதைந்து கிடக்கிறது என்று ஆரம்பித்தேன். பேசிக்கொண்டே முதல் அறைக் கதவைத் தள்ளினேன்.

உள்ளே பூட்ஸ். அலமாரி அலமாரியாக ராணுவ பூட்ஸ். ஒவ்வொன்றிலும் ஒரு எண் கட்டித் தொங்கியது. ஒவ்வொன்றிலும் பூஞ்சை. அடுத்த அறையில் காலுறைகள். அதற்கடுத்த அறையில் கூடாரத் துணி. மேசையில் கரையான் தின்றது போக மிச்சமிருந்த ஒரு நோட்டில் வாரவாரியாகக் குறித்து வைத்திருந்தார்கள்: இத்தனையாவது வாரம் இடது பூட்ஸில் பச்சை, இத்தனையாவது வாரம் வலது பூட்ஸில் கறுப்பு. மழைக்காட்டில் சிப்பாயின் பூட்ஸ் எத்தனை நாளில் பூஞ்சை பிடிக்கும் என்பதுதான் அந்தப் பயங்கர ஆராய்ச்சி. விஷவாயுவும் இல்லை, குரங்கும் இல்லை.

"இதுக்காடி நாலு மொழியில போர்டு வச்சாங்க" என்றாள் ரூபிணி.

அதோடு திரும்பியிருக்கலாம். மணி இரண்டரைகூட ஆகவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு முதல் நாள் அம்மாவிடம் பொய் சொல்லி, பன்றிப் பள்ளத்தில் தவழ்ந்து வந்தவளுக்குக் காலுறையைப் பார்த்துவிட்டுப் போக மனம் வருமா? கடைசி அறையில், உயரமான இரும்புத் தட்டில், மூடி இறுகிய ஒரு தகர டின் இருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த தாளைக் கரையான் தின்றிருந்தது. ரகசியம் இதில்தான் இருக்கிறது என்று கேமராவுக்குச் சொல்லிவிட்டு, தட்டைப் பிடித்து இழுத்தேன். துருப்பிடித்த தட்டு என்னைக் கேட்காமலே கூடவே வந்துவிட்டது. டின் தரையில் விழுந்து வாய் பிளந்தது. அறை முழுக்க வெள்ளைப் பொடி.

இருமி முடித்துப் பார்த்தால், இருவரும் இட்லி மாவில் புரண்டு எழுந்தது போல் நின்றோம். சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே என் முழங்கையில் ஒரு சிவப்புக் கோடு. அடிபட்டு ரத்தம் வருகிறது என்று துடைத்தேன். துடைத்த இடமெல்லாம் சிவந்தது. கழுத்தில் வியர்வை வழிந்த இடமெல்லாம் சிவப்பு. முகக்கவசத்தை இறக்கி, போனில் முகத்தைப் பார்த்தேன். நெற்றியும் கன்னமும் சிவக்கச் சிவக்க இருந்தன. லேசான எரிச்சலும் ஆரம்பித்தது.

(இந்த இடத்தில் உங்களில் சிலர் சிரிக்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். அந்த அறையில் நீங்கள் இருந்திருக்க வேண்டும்.)

ரூபிணி மேலும் அதே பொடிதான் விழுந்திருந்தது. அவள் வெள்ளையாகத்தான் இருந்தாள். இதை வைத்து இரண்டு படித்த பெண்கள் என்ன முடிவுக்கு வந்திருக்க வேண்டும்? நாங்கள் வந்த முடிவு, அந்தப் பொடி ஆளைப் பார்த்துத் தாக்குகிறது என்பது. பயந்துபோன ரூபிணி, ஓடிவந்து இரண்டு கையாலும் என் கன்னத்தைத் துடைத்தாள். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தாள். இரண்டும் ரத்தச் சிவப்பு.

"பரவுதுடி" என்றாள்.

பூட்ஸ் எல்லாம் வெறும் கண்துடைப்பு என்று அந்தக் கணத்தில் எனக்குப் புரிந்தது. உலகத்தை ஏமாற்ற முன்னறையில் காலுறையை வைத்துவிட்டு, பின்னறையில் இதைத்தான் செய்திருக்கிறார்கள். பொடி தொட்டால் சிவக்கும், சிவந்தவரைத் தொட்டவரும் சிவப்பார். ஒரு படையையே அழித்துவிடலாம். நாளை காலை ஒன்பது மணிக்கு மணவறையில் உட்கார நான் இருப்பேனா என்ற எண்ணம் வந்ததும் ரூபிணியின் கையைப் பிடித்து இழுத்தேன். பன்றி வழியை மறந்து, முன்வாசல் வழியாகவே ஓடினோம்.

ஜாகா அப்போதுதான் திரும்பி வந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். ரஹ்மான் என்று பெயர், பாக்சிக் (மாமா) ரஹ்மான் என்று கூப்பிடுவார்கள், ஓய்வு பெற்ற சிப்பாய். முகம், கழுத்து, கை எல்லாம் சிவந்து, தலையில் வெள்ளைப் பொடியோடு ஒரு பெண் அந்தக் கட்டடத்திலிருந்து அலறிக்கொண்டு வருவதைப் பார்த்தார். பொட்டலத்தோடு மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் போய் நின்றார். "ஜாங்ஙான் டெகாட்" என்றார். கிட்டே வராதே என்று அர்த்தம். பாவம், சொன்ன விதத்தில் ஒரு கெஞ்சல் இருந்தது.

பிறகு அவர் நடந்துகொண்ட முறையை நான் குறை சொல்ல மாட்டேன். இடிக்க வரும் குத்தகைக்காரர்கள், உள்ளே யார் மீதாவது ஏதாவது பட்டுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளைக் கொடுத்துப் போயிருந்தார்கள். கண்ணாடி மாட்டி அதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். எங்களை இருபது அடி தள்ளி உட்கார வைத்தார். மிளகாய்ச் செடிக்கு ஊற்றும் குழாயை நீட்டித் தண்ணீர் விட்டார். தண்ணீர் பட்டதும் நான் முன்னைவிடச் சிவந்தேன், காலடியில் சிவப்புத் தண்ணீர் ஓடியது. அவர் இன்னும் பத்தடி பின்னால் போய் பொம்பாவுக்கு (தீயணைப்புப் படைக்கு இங்கே அதுதான் பெயர்) போன் செய்தார்.

வீட்டுக்குச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பாலத்துப் பக்கம் நெரிசல் இருக்கும் என்று பயந்து ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்களாம். அத்தை, பெண்ணைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். அம்மா மாற்றுச் சாவி போட்டுக் கதவைத் திறந்திருக்கிறார். ஏர்கான் ஓடுகிறது, கட்டிலில் ஆள் இல்லை. அத்தை அம்மாவுக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறார்.

அம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எங்கடி இருக்க. யாரோட இருக்க."

ரூபிணி போனைப் பிடுங்கி, ராணுவக் கட்டடம், விஷப் பொடி, உடம்பெல்லாம் சிவப்பு, பொம்பா வருகிறது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"அப்போ அவ ஓடிப் போகலையே?" என்றார் அம்மா.

"ஓடல சித்தி. அவளால நிக்கவே முடியல."

அம்மா, கடவுளே நன்றி என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். பெற்ற மகளை விஷம் தாக்கியதற்கு நன்றி சொன்ன ஒரே தாய் என்று இன்றும் அவரைக் கேலி செய்வோம்.

பொம்பா இரண்டு வண்டிகளில் வந்தது. ஆற்றில் கொட்டிய கழிவால் பள்ளிப் பிள்ளைகள் மயங்கி விழுந்ததிலிருந்து ஜோகூரில் ரசாயனம் என்றால் யாரும் விளையாடுவதில்லை. தலை முதல் கால்வரை மூடிய உடையில் நான்கு பேர் இறங்கினார்கள். சுற்றிலும் நாடா கட்டினார்கள். குழந்தைகள் குளிக்கும் தொட்டிபோல் ஒன்றை ஊதிப் பெரிதாக்கி, அதற்குள் என்னை நிற்க வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். தொட்டி சிவந்துகொண்டே வந்தது. தலைமை அதிகாரி அமைதியான மனிதர், ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள், யாரோடு போனீர்கள், எதைத் தொட்டீர்கள் என்று கேட்டார்.

அப்போது செம்மண் பாதையில் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தது. வீட்டில் இறங்கிய வேகத்தில் அப்படியே ஏறி வந்திருக்கிறார்கள், சீர்த்தட்டுகளோடு. புனிதமான தட்டைத் தரையில் வைக்கக் கூடாது என்று பட்டுப்புடவை கட்டிய ஏழெட்டுப் பெண்கள் பழத்தட்டும் பூத்தட்டும் ஏந்தி நாடாவுக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றார்கள். நடுவில் அத்தை. பக்கத்தில் என் அம்மா. அவர்களுக்கு முன்னால் சரவணன்.

சரவணனைப் பார்த்ததும் பொம்பாக்காரர்கள் உஷாரானார்கள். அவர் வீட்டிலும் காலையில் நலங்கு. முகமும் கையும் பளிச்சென்ற மஞ்சள். அதிகாரி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், ஏதோ எழுதினார். மஞ்சள் முதல் கட்டம், சிவப்பு இரண்டாம் கட்டம் என்று எழுதியிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. இவரும் பாதிக்கப்பட்டிருக்கிறார், நாடாவுக்குள் வரச்சொல்லுங்கள் என்றார். சரவணன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. நாடாவைத் தூக்கிக் குனிந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குள் என் பக்கத்தில் நின்றுகொண்டார். நான் அழுதேன். எனக்கு அவர் மேல் உண்மையாகவே காதல் வந்தது அந்த நிமிடத்தில்தான். அதுவரை பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அதிகாரி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். என்ன பொருள் என்று தெரியாததால் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஒரு நாள் முழுக்கக் கண்காணிப்பில் இருக்க வேண்டும். நாளைக் காலை கல்யாணம் என்று அம்மா சொல்லிப் பார்த்தார். அவர் வருந்துவதாகச் சொன்னார், ஆனால் விடமாட்டேன் என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

நான் அத்தையைப் பார்த்தேன். அவர் தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் மெல்லச் சேர்த்தார். கும்பிடவில்லை, அழவில்லை, கை தானாகக் கூடியது. மண்டப வாசலில் நாளைக்கு மறுபடியும் நிற்கப் போகிறோம் என்று அந்தக் கைகளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த எரிச்சல், அந்தப் பயம் எல்லாம் எனக்கு மறந்தே போனது. செத்தாலும் பரவாயில்லை, அந்தக் கைகளைப் பார்க்க முடியவில்லை.

"அத்தை, நான் ஓடிப் போகல" என்றேன். "கட்டடம் பாக்கத்தான் வந்தேன். என்ன மன்னிச்சிடுங்க."

அப்போது, எனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மூடிய உடைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் தமிழில் வந்தது.

"டீச்சர், ஒரு கேள்வி கேக்கலாமா? காலைல உங்களுக்கு நலங்கு வச்சாங்களா?"

சரி, சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. நான் கெமிஸ்ட்ரி டீச்சர். அமிலம், காரம் என்ற பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறேன். அந்தப் பாடத்துக்கு வீட்டிலிருந்தே மஞ்சள் தடவிய தாளைக் கொண்டுபோய், சுண்ணாம்புத் தண்ணீரில் நனைத்து, மாணவர்கள் கண்முன்னே சிவக்கவைத்துக் காட்டுவேன். நம் வீட்டு ஆலத்தித் தட்டில் இருப்பதும் இதே கெமிஸ்ட்ரிதான், மஞ்சளும் சுண்ணாம்பும் என்று பெருமையாக விளக்குவேன். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். வாத்தியாரே மக்காக இருந்தால் என்ன சொல்வது என்று பழமொழி செய்தவர்கள் யோசிக்கவில்லை.

உடைக்குள் இருந்தது கீர்த்தனா. ஐந்தாறு வருடத்துக்கு முன் என்னிடம் படித்தவள், கடைசி பெஞ்சு. உனக்கும் கெமிஸ்ட்ரிக்கும் ஏழாம் பொருத்தம் என்று வகுப்பில் வைத்துச் சொன்னவள் நான்தான். அவள் கையுறையால் என் முழங்கையைக் காட்டி அதிகாரியிடம் மலாயில் விளக்கினாள். இவர்கள் இருவர் மேலும் இருப்பது கல்யாண மஞ்சள். இவர் மேல் மட்டும் சுண்ணாம்பு விழுந்திருக்கிறது. அந்த அக்கா மஞ்சள் பூசிய கையால் துடைத்ததால் உள்ளங்கை மட்டும் சிவந்திருக்கிறது. ஏதாவது புளிப்பு கிடைத்தால் காட்டிவிடலாம்.

கல்யாணத்துக்குக் கிளம்பும் தமிழ்ப் பெண்மணியின் கைப்பையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் இருக்குமா? அத்தை இரண்டு எடுத்துக் கொடுத்தார். கீர்த்தனா ஒன்றை நறுக்கி என் புறங்கையில் பிழிந்தாள். சிவப்பு கலைந்து, காலையில் ரூபிணி பூசிய அதே மஞ்சள் திரும்பி வந்தது. அந்தப் பக்கம் தட்டு ஏந்தி நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். அதற்குள் உள்ளே போயிருந்தவர்கள் பரிசோதித்துவிட்டு வந்து, டின்னில் இருந்தது சுண்ணாம்புதான் என்றார்கள். சுவருக்கு வெள்ளையடிக்க வாங்கி வைத்தது.

நான் கீர்த்தனாவிடம் மெதுவாக, எப்படி ஞாபகம் வைத்திருந்தாய் என்று கேட்டேன்.

"உங்க வகுப்புல நான் முழிச்சிருந்தது அந்த ஒரு நாள்தான் டீச்சர்."

அதிகாரி என் கண்ணைப் பார்த்தார், மூச்சைப் பரிசோதித்தார், இன்னும் இரண்டு முறை நன்றாகக் கழுவச் சொன்னார். ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார். பிறகு அரை மணி நேரம் திட்டினார். குரலை உயர்த்தாமல் திட்டினார், அதனால் இன்னும் வலித்தது. அந்தக் கட்டடம் நின்ற நிலத்தின் சொந்தக்காரருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். நடந்ததற்கெல்லாம் அவர் எழுதிய அறிக்கையின் கீழ் கையெழுத்தும் போட்டேன்.

நாடாவை அவிழ்த்தார்கள். அத்தை நேராகத் தொட்டியிடம் வந்தார். அவர் மகனும் நானும் முழங்கால் அளவு சிவப்புத் தண்ணீரில் கைதிகள் போல் நின்றோம். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் சேத்தே ஆலத்தி எடுத்தாச்சு" என்றார். "வெளிய வாங்க. நேரமாச்சு, நலங்கு வைக்கணும்."

முறைப்படி வீட்டில்தான் வைக்க வேண்டும். ஆனால் வெளியே எடுத்த சீர்த்தட்டைத் திருப்பிக் கொண்டுபோனால் சகுனம் சரியில்லை என்று ஒரு சித்தி கிளப்பிவிட்டார். ஆகவே பாக்சிக் ரஹ்மானின் பிளாஸ்டிக் நாற்காலியைச் செம்பனை நிழலில் போட்டு, அதில் என்னை உட்கார வைத்தார்கள். அத்தை மஞ்சள் கிண்ணத்தைத் திறந்தபோது அதிகாரி ஓர் அடி பின்னால் நகர்ந்ததை நான் பார்த்தேன். அத்தையின் விரல் என் கன்னத்தில் பட்டது. நடுங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவர் எவ்வளவு பயந்திருந்தார் என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன், அவர் உருவிக்கொள்ளவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கல்யாணம் நடந்தது. பொம்பாக்காரர்களையும் பாக்சிக்கையும் அத்தையே அழைத்திருந்தார், வந்தார்கள். மண்டப வாசலில் எங்களுக்கு ஆலத்தி எடுக்கச் சிவப்புத் தட்டைக் கொண்டு வந்தபோது, பாக்சிக் பழக்க தோஷத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றார். அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் யார் வீட்டு விசேஷத்தில் ஆலத்தி கரைத்தாலும், பொம்பாவுக்குச் சொல்லியாச்சா என்று யாராவது ஒருவர் கேட்பார். என் பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள்.

அத்தை மட்டும் அதைக் கேட்கமாட்டார். அவரிடம் வேறு சரக்கு இருக்கிறது. அந்த அறிக்கையின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, எங்கள் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில், தாலி கட்டும் படத்துக்கும் முன்னால் ஒட்டி வைத்திருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஆல்பத்தை அவரே மடியில் வைத்துத் திறப்பார். நான் காப்பித் தம்ளரோடு நிற்கும்போதே சொல்வார்:

"கல்யாணத்துக்கு முதல் நாள் பொண்ணு வீட்டுல இல்லங்கிறது உண்மைதான். ஆனா எங்க போனா, எத்தன மணிக்குப் போனா, யாரோட போனான்னு கவர்மெண்டே முத்திரை குத்திக் குடுத்திருக்கு பாருங்க. வேற எந்த மருமகளுக்கு இருக்கு இந்த சர்டிபிகேட்?"